லோயரிடம் சொன்ன இரகசியம் யார் யார் காதுக்குப் போகும்?



டவுனுக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பார்ப்பது நமது குடும்பங்களுக்கு லேசான காரியம் அல்ல. ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு போய், லோயர் ஐயாவுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகும் பாதி விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு, மீதியை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நம்மிடையே பலர். ஏன் என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான். "சொன்னா தோட்டத்துக்கு வந்து சேந்துடுமே!"

இந்தப் பயத்தை வெறும் பயம் என்று நாம் தள்ளிவிட முடியாது. நமக்கு வேலையும் குடியிருக்கும் காம்பராவும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. லயத்திலே ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். டவுனில் உள்ள லோயரின் கிளாக்கர் நமது கணக்கப்பிள்ளையின் மச்சானாக இருக்கலாம். காலையில் லோயர் அறையில் பேசியது மாலையில் கொழுந்து மடுவத்தில் பேசப்பட்டால், வழக்கு தொடங்கும் முன்பே குடும்பம் நிம்மதி இழந்துவிடும்.

ஆனால் பாதி சொல்வதாலும் நட்டம் நமக்குத்தான். மறைத்த விஷயம் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையில் வெளிவந்தால், நமது லோயருக்கு அதுவே முதல் செய்தியாக இருக்கும். அந்த நேரத்தில் அவரால் என்ன செய்ய முடியும்? வேலை நிறுத்தப்பட்ட ஒருவர் தொழில் நியாய சபைக்கு மனுப் போட 6 மாதம்தான் காலம். "யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது" என்று யோசித்தே அந்த 6 மாதத்தைக் கழித்தால் பிறகு வருந்திப் பயனில்லை.

ஆகவே லோயரிடம் சொல்லும் இரகசியத்துக்குச் சட்டம் என்ன காவல் போட்டிருக்கிறது, அந்தக் காவல் எட்டாத இடம் எது, அந்த இடத்தை அடைப்பதற்கு எழுதப்படும் "இரகசியம் காக்கும் உடன்படிக்கை" என்றால் என்ன என்பவற்றை இம்முறை விளக்குகிறோம்.

ஒற்றையாள் அலுவலகம்

நமது பெரியவர்கள் இன்னமும் "பிரக்கிராசி" என்றும் "அப்புக்காத்து" என்றும் சொல்வார்கள். முன்பு அவை இரண்டும் வேறு வேறு. 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தால் 1974 முதல் இரு சாராரும் ஒன்றாக்கப்பட்டு, எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனார்கள். நாம் பேச்சில் லோயர் என்கிறோம்.

கொழும்பில் பல சட்டத்தரணிகள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் பெரிய அலுவலகங்கள் உண்டு. ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை போன்ற மலைநாட்டு நகரங்களில் நாம் அதிகம் காண்பது வேறு மாதிரி. ஒரு சட்டத்தரணி, ஒரு அறை, ஒரு மேசை, ஓரத்தில் ஒரு கிளாக்கர். இதைத்தான் ஒற்றையாள் அலுவலகம் என்கிறோம். இதில் ஒரு நன்மை உண்டு. நம்முடைய வழக்கைப் பார்ப்பவர் யார் என்று நமக்குத் தெரியும், அவர் முகம் பார்த்துப் பேசலாம்.

ஆனால் அலுவலகம் ஒற்றையாள் என்பதால் இரகசியமும் ஒரே ஆளோடு நிற்கும் என்று நினைக்கக் கூடாது. கணக்குப் பார்ப்போம். கிளாக்கர் நமது பெயரையும் தோட்டத்தையும் எழுதிக்கொள்கிறார். மனுவை டைப் அடிப்பவர் முழுவதையும் வாசிக்கிறார். தமிழில் சொன்னதைச் சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றுபவர் கேட்கிறார். கடிதங்களைப் போட்டோ கொப்பி எடுக்கப் பக்கத்துக் கடைக்குக் கொண்டு போகும் பையன் பார்க்கிறான். லோயருக்குச் சுகமில்லாத அன்று நீதிமன்றத்தில் அவருக்காக நிற்கும் இன்னொரு லோயர் கோப்பைப் படிக்கிறார். ஆக, ஒருவரிடம் சொன்னது ஐந்தாறு பேர் கையைத் தாண்டிப் போகிறது. பெரிய அலுவலகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆளும் தனி அறையும் இருக்கக்கூடும். ஒற்றை அறையில் எல்லாம் எல்லோர் கண்ணுக்கும் படும். வெளி வாங்கில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கும் கேட்கும்.

சட்டம் போட்ட பூட்டு

நம் நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் பழைய சட்டம். அது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். அதன் 126ஆம் பிரிவு, ஒருவர் தமது சட்டத்தரணியிடம் தொழில் முறையில் சொன்னதை, அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அந்தச் சட்டத்தரணி வெளியிட முடியாது என்கிறது. வாயால் சொன்னது மட்டுமல்ல. நாம் காட்டிய கடிதத்தில் இருப்பதும், அவர் நமக்குத் தந்த ஆலோசனையும் இதில் அடங்கும்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, இந்தப் பூட்டின் சாவி லோயரிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் சரி என்றால்தான் திறக்கும்.

இரண்டாவது, வழக்கு முடிந்தாலும், நீங்கள் வேறு லோயரிடம் மாறினாலும் பூட்டு பூட்டியபடியே இருக்கும். "இப்ப நான் அவங்க லோயர் இல்லையே" என்று சொல்லி அவர் வாய் திறக்க முடியாது.

மூன்றாவது, அடுத்து வரும் 127ஆம் பிரிவு இதே கட்டுப்பாட்டை மொழிபெயர்ப்பாளருக்கும், சட்டத்தரணியின் கிளாக்கருக்கும், அவருடைய வேலையாட்களுக்கும் போடுகிறது. நூறு வருஷத்துக்கு முன்பே சட்டம் எழுதியவர்களுக்கு, இரகசியம் கிளாக்கர் மேசை வழியாகத்தான் போகும் என்பது தெரிந்திருக்கிறது!

இதற்கும் மேலாக 129ஆம் பிரிவு உங்களுக்கே ஒரு காவல் தருகிறது. நீங்கள் உங்கள் லோயரோடு அந்தரங்கமாகப் பேசியதைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாகவே சாட்சிக் கூண்டில் ஏறினால், உங்கள் சாட்சியத்தை விளக்கத் தேவையான அளவுக்கு மட்டும் நீதிமன்றம் கேட்கலாம்.

பூட்டு எதற்கு இல்லை?

நடந்து முடிந்த தவறு ஒன்றை ஒத்துக்கொண்டு "எனக்காக வாதாடுங்கள்" என்று கேட்பது வேறு. இனிமேல் செய்யப்போகும் தவறுக்கு உதவி கேட்பது வேறு. முன்னதைச் சட்டம் காக்கும், பின்னதைக் காக்காது.

நம் தோட்டங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு காரியத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு அம்மாவின் பெயர் செக்ரோலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போன இடத்தில் சிக்கல். அந்தக் காலத்தில் வேலைக்குப் பதிய வயதைக் கூட்டிச் சொன்னதும் உண்டு. இதை லோயரிடம் ஒளிக்காமல் சொல்லலாம், அது பூட்டுக்குள்ளேதான் இருக்கும். லோயர் அதைச் சட்டப்படி திருத்தவும், சத்தியக் கடதாசி முடிக்கவும் வழி சொல்வார். ஆனால் அதே அம்மா, "ஐயா, பொய்யா ஒரு பிறப்புச் சான்றிதழ் செஞ்சு அதை வச்சுக் காசு எடுத்துத் தாங்க" என்று கேட்டால், அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு இல்லை. வழக்கை ஒப்படைத்த பிறகு புதிதாக ஒரு மோசடியோ குற்றமோ நடப்பதை லோயர் தம் கண்ணாலேயே கண்டால், அதற்கும் இந்தப் பூட்டு கிடையாது.

பூட்டு எட்டாத இடம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சான்றுச் சட்டம் என்பது சாட்சியம் பற்றிய சட்டம். நீதிமன்றத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதே அதன் முதன்மையான வேலை. கிளாக்கர் சாட்சிக் கூண்டில் ஏறி உங்கள் இரகசியத்தைச் சொல்வதை அது தடுக்கும். ஆனால் நம்முடைய பயம் சாட்சிக் கூண்டைப் பற்றியதா? பஸ் ஸ்டாண்டையும் தேத்தண்ணிக் கடையையும் பற்றியது அல்லவா?

லோயரைப் பொறுத்தவரை அந்த இடத்துக்கும் காவல் உண்டு. 1988ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் சட்டத்தரணிகளின் நடத்தை பற்றிய விதிகளை ஆக்கியது. கட்சிக்காரரின் அந்தரங்கத்தைக் காப்பது அந்த விதிகளின்படி அவருடைய கடமை. கடைத்தெருவில் பேசினாலும் அது குற்றம்தான். ஆனால் கிளாக்கர் சட்டத்தரணி அல்ல, டைப் அடிப்பவரும் அல்ல, கணினி திருத்த வரும் பையனும் அல்ல. அவர்களை அந்த நடத்தை விதிகள் நேரே பிடிப்பதில்லை. அவர்களை அடக்கி வைக்க வேண்டியது லோயரின் பொறுப்பு.

இந்த இடைவெளியை அடைக்க நல்ல சட்டத்தரணிகள் ஒரு காரியம் செய்கிறார்கள். தம்மிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் ஒரு கடதாசியில் கையொப்பம் வாங்கி வைக்கிறார்கள். அதுதான் இரகசியம் காக்கும் உடன்படிக்கை. "இங்க கேட்டத வெளிய பேசாதே" என்று வாயால் சொன்னால் காற்றோடு போகும். கையொப்பம் வைத்தவனுக்கு நினைவில் நிற்கும். மீறினால் வேலையிலிருந்து நிறுத்தவும், ஏற்பட்ட நட்டத்தைக் கேட்கவும் லோயருக்கு ஒரு பிடி இருக்கும்.

உடன்படிக்கையில் என்ன இருக்கும்?

ஒற்றையாள் அலுவலகத்துக்கு நீண்ட பத்திரம் வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதும், ஆனால் அது வேலை செய்பவருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி, விளங்காமல் கையொப்பம் வைத்த கடதாசியால் என்ன பயன்? உள்ளே இருக்க வேண்டியவை இவை.

1. யார் வாக்குக் கொடுக்கிறார், அங்கே அவருக்கு என்ன வேலை.

2. எவையெல்லாம் இரகசியம். கட்சிக்காரர் சொன்னது, கோப்பில் இருப்பது, தொலைபேசியில் வந்தது மட்டுமல்ல. இன்னார் இந்த அலுவலகத்துக்கு வந்தார் என்ற செய்தியும் இரகசியம்தான். நமக்கு இதுவே பெரிய விஷயம். என்ன பேசினோம் என்று தெரியாவிட்டாலும், "அவன் லோயர் வீட்டுப் படி ஏறினான்" என்ற செய்தி மட்டும் துரையின் காதுக்குப் போனாலே போதுமே!

3. செய்யக் கூடாதவை. வீட்டாரிடமும் சொல்லக் கூடாது, கோப்பை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, கடதாசிகளைத் தம் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கக் கூடாது, வட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது.

4. உறவு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தமக்குச் சொந்தக்காரரோ வேண்டியவரோ எதிர்த்தரப்பில் இருந்தால் லோயரிடம் தெரிவித்து, அந்தக் கோப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

5. எவ்வளவு காலம். வேலையை விட்டுப் போன பிறகும் வாக்கு தொடரும். போகும்போது சாவி, கோப்பு, கொப்பிகள் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும்.

6. மீறினால் என்ன நடக்கும்.

எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரியைத் தருகிறோம்.

"நான் இந்தச் சட்டத்தரணி அலுவலகத்தில் கிளாக்கராக வேலை செய்கிறேன். இங்கு வரும் கட்சிக்காரர்களின் பெயர், அவர்கள் வந்த காரணம், சொன்ன விஷயங்கள், தந்த கடதாசிகள் யாவும் இரகசியம் என்பதை அறிவேன். இவற்றைச் சட்டத்தரணியின் அனுமதியின்றி எவரிடமும் சொல்லவோ, காட்டவோ, கொப்பி எடுக்கவோ, படம் பிடித்து அனுப்பவோ மாட்டேன். எதிர்த்தரப்பில் எனக்கு உறவோ நெருக்கமோ இருந்தால் உடனே அறிவிப்பேன். வேலையை விட்டு விலகிய பின்பும் இந்த வாக்கைக் காப்பேன். மீறினால் வேலை இழக்கவும், ஏற்படும் நட்டத்துக்குப் பதில் சொல்லவும் உடன்படுகிறேன். இதை எனக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் கையொப்பம் இடுகிறேன்."

ஒற்றையாள் அலுவலகத்துக்கு இன்னொரு கடதாசியும் தேவை. லோயருக்கு நோய் வந்தால், அவர் காலமானால், கோப்புகள் யார் கைக்குப் போகும்? கூட்டு அலுவலகமாக இருந்தால் அடுத்தவர் பார்ப்பார். தனியாள் என்றால் அலுமாரியைத் திறப்பவர் அவருடைய மகனாகவோ கடை வாடகைக்காரராகவோ இருக்கலாம். முன்யோசனையுள்ள சட்டத்தரணி இன்னொரு சட்டத்தரணியோடு எழுத்தில் பேசி வைத்திருப்பார். கோப்புகள் அவரிடம் போகும், அவரும் இரகசியம் காப்பார். ஆனால் அவரே தானாக உங்கள் லோயர் ஆகிவிட மாட்டார். நீங்கள் புதிதாகப் பிரொக்சியில் கையொப்பம் வைத்தால்தான் அவர் உங்களுக்காக வழக்கில் நிற்கலாம்.

உடன்படிக்கையால் முடியாதவை

வழக்கு மனுவில் எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தது பொதுவாக இரகசியம் அல்ல. எதிர்த்தரப்புக்கு அதன் கொப்பி போகும், திறந்த நீதிமன்றத்தில் அது பேசப்படும். ஆகவே மனுவில் கையொப்பமோ கைநாட்டோ வைக்கும் முன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். "இது மனுவில் வேண்டாங்க ஐயா, உங்களுக்குத் தெரியணும்னு மட்டும்தான் சொன்னேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

குற்றம் ஒன்றை மறைப்பதற்கும் உடன்படிக்கையைப் பயன்படுத்த முடியாது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த உடன்படிக்கை அலுவலகத்தில் வேலை செய்பவர்களைக் கட்டுவதற்கானது. உங்கள் வாயைக் கட்டுவதற்கானது அல்ல. இரகசியம் உங்களுடையது. வேறொரு லோயரிடம் போய் யோசனை கேட்கவும், உங்கள் லோயரைப் பற்றி முறையிடவும் உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

நமது பக்கத்து ஓட்டைகள்

லோயர் எத்தனை பூட்டுப் போட்டாலும் நமது பக்கத்தில் ஓட்டை இருந்தால் என்ன செய்வது? நமது வாழ்க்கை முறையால் வரும் சில ஓட்டைகளைச் சொல்கிறோம்.

தபால்: பல தோட்டங்களில் லயக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லை. தபால் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்துதான் நமது கைக்கு வரும். தோட்டத்துக்கு எதிரான வழக்கு பற்றிய கடிதம், லோயரின் முத்திரையோடு அதே ஆபீஸ் மேசையில் வந்து விழுந்தால் எப்படி? முதல் நாளே லோயரிடம் சொல்லிவிடுங்கள். டவுனில் உள்ள நம்பிக்கையான உறவினரின் விலாசத்தைக் கொடுக்கலாம். அல்லது "கடிதம் போடாதீங்க, இந்த நம்பருக்குக் கோல் எடுங்க" என்று சொல்லலாம். கவரின் வெளியே அலுவலகப் பெயர் போடாமல் அனுப்பும்படியும் கேட்கலாம்.

மொழிக்குத் துணை: லோயருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பக்கத்துக் காம்பரா அண்ணனையோ படித்த பிள்ளையையோ கூட்டிப் போகிறோம். சட்டம் கட்டுப்படுத்தும் மொழிபெயர்ப்பாளர் என்று அந்த அண்ணனை நம்பியிருக்கக் கூடாது. வீட்டுக்குள் நடக்கும் அடி உதையைப் பற்றிச் சொல்ல வந்த ஒரு பெண், சொந்த மகனையே மொழிபெயர்க்க வைத்தால் மனம் திறந்து பேசுவாளா? லோயரிடமே "உங்கள் பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா, அவர் கையொப்பம் வைத்தவரா?" என்று கேளுங்கள். நீதிமன்றத்துக்குள்ளே மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்புப் பெற அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனால் அது நீதிமன்றத்தில். லோயர் அறையில் இந்த ஏற்பாட்டை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

தொழிற்சங்கம்: தொழில் நியாய சபையில் தொழிற்சங்கப் பிரதிநிதியும் நமக்காகப் பேசலாம். எத்தனையோ பேருக்கு அதனால் நியாயம் கிடைத்திருக்கிறது. ஆனால் 126ஆம் பிரிவு சட்டத்தரணியைப் பற்றியது. தோட்டத் தலைவரிடமோ மாவட்டப் பிரதிநிதியிடமோ சொன்னதற்கு அந்தப் பூட்டு இல்லை. மனு எழுதிக் கொடுப்பவருக்கும் இல்லை. அவர்கள் நல்லவர்களாக இருப்பார்கள், வாக்கும் காப்பார்கள். எனினும் மிக அந்தரங்கமான விஷயமானால் அதைச் சட்டத்தரணியிடம் நேரே சொல்வதே பாதுகாப்பு.

கைத்தொலைபேசி: ஒரே போனை வீட்டில் நாலு பேர் பாவிக்கிறோம். லோயர் அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் அழித்துவிடுங்கள். கடதாசியைக் கடையில் கொப்பி எடுத்தால் கொப்பியோடு மூலத்தையும், பழுதான தாளையும் கையோடு எடுத்து வாருங்கள்.

வேறொரு "இரகசியக் கடதாசி"

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சில வழக்குகள் சமாதானமாக முடியும்போது எதிர்த்தரப்பு ஒரு கடதாசி நீட்டும். "இவ்வளவு காசு தருகிறோம், இதைப்பற்றி யாரிடமும் பேசக் கூடாது" என்று அதில் இருக்கும். பெயர் அதுவும் இரகசிய உடன்படிக்கைதான், ஆனால் வேலை நேர்மாறு. மேலே சொன்னது உங்கள் இரகசியத்தைக் காக்கிறது, இதுவோ உங்கள் வாயைப் பூட்டுகிறது. இப்படிச் சமாதானமாவது பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எதைப் பேசக் கூடாது, எவ்வளவு காலத்துக்கு, மீறினால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கேட்கும் உரிமையும் இதோடு போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விளங்கிய பிறகே கையொப்பம் வையுங்கள். வெறுந்தாளில் மட்டும் எவருக்கும் எப்போதும் கையொப்பம் வைக்காதீர்கள்.

முதல் நாள் கேட்க வேண்டியவை

லோயரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். பணிவாகக் கேட்டால் நல்ல சட்டத்தரணி கோபப்பட மாட்டார்.

"ஐயா, எங்க தோட்டத்துக்கோ கம்பனிக்கோ நீங்க வழக்குப் பேசுறீங்களா?" சிறிய டவுனில் லோயர்மார் சிலர்தான். நமது எதிர்த்தரப்புக்கும் அவரே ஆஜராகிறார் என்றால், கதையைத் தொடங்கும் முன்பே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"எங்க கோப்பை வேற யார் யார் பார்ப்பாங்க?"

"அவங்ககிட்ட எழுத்தில் வாக்கு வாங்கியிருக்கீங்களா?"

"கதவைச் சாத்திட்டுத் தனியாப் பேசலாமா?"

"உங்களுக்கு ஏலாமப் போனா எங்க கடதாசி எல்லாம் யார்கிட்ட இருக்கும்?"

மூலப் பத்திரங்களை ஒப்படைத்தால் என்னென்ன கொடுத்தோம் என்று எழுதிய பற்றுச்சீட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். லோயருக்குக் காசு கொடுக்க வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அந்த ஆணைக்குழுவுக்கு நாட்டின் பல பகுதிகளில் நிலையங்கள் உண்டு. அங்கே உங்களுக்காக வேலை செய்பவரும் சட்டத்தரணியே. காசு வாங்காத காரணத்தால் அவருடைய கடமை குறைந்துவிடாது.

இரகசியம் வெளியேறிவிட்டால்?

முதலில் லோயரிடமே சொல்லுங்கள். எந்த விஷயம், எப்போது, யார் வாயால் வந்தது என்று நாளோடு எழுதி வையுங்கள். கிளாக்கர் மூலம் வந்திருந்தால், உடன்படிக்கை இருக்கும் இடத்தில் அவர் உடனே நடவடிக்கை எடுக்கலாம். லோயரை மாற்ற விரும்பினால் மாற்றலாம், உங்கள் கடதாசிகளைத் திருப்பிக் கேட்கலாம்.

லோயரே வெளியிட்டார் என்றால் அது பெரிய விஷயம். அவரைப் பற்றி உயர் நீதிமன்றத்துக்குச் சத்தியக் கடதாசியோடு எழுத்தில் முறையிடலாம், இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கும் எழுதலாம். 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின்படி, தவறான நடத்தைக்காக ஒரு சட்டத்தரணியை இடைநிறுத்தவும் பெயர்ப்பட்டியலிலிருந்து நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆத்திரத்தில் பொய்யாக முறையிடக் கூடாது. உண்மையாக இருந்தால் பயப்படவும் தேவையில்லை.

டாக்டரிடம் நோயை ஒளித்தால் மருந்து வேலை செய்யாது, லோயரிடம் உண்மையை ஒளித்தால் சட்டமும் வேலை செய்யாது. ஆகவே முதலில் யாருக்குக் கேட்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள், கதவைச் சாத்தச் சொல்லுங்கள், பிறகு ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள், வாசிக்கத் தெரியாத அம்மா அப்பாவுக்கும் பக்கத்துக் காம்பராக்காரருக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். "முதல் நாள் கேட்க வேண்டியவை" பகுதியை வெட்டி எடுத்து அடையாள அட்டையோடு வைத்துக்கொண்டால், டவுனுக்குப் போகும் அன்று கைக்கு உதவும்.